தாய்லாந்துச் சாப்பாட்டில் ஏமாறாமல் இருக்க: வத்தளைக் குசினியிலிருந்து சில குறிப்புகள்

பச்சைக் கறி என்று கொண்டுவந்து வைத்தது, சோளமா கரைத்துத் தடிப்பாக்கிய இனிப்புக் குழம்பு. தொம் யம் சூப்பில் புளிப்பைத் தவிர வேறு மணமே இல்லை. பாட் தாய் நூடில்ஸ் தக்காளி சோஸில் சிவந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பில்லைப் பார்த்தால் ஒரு கிழமைச் சந்தைச் செலவு. அண்மையில் கொழும்பில் ஒரு தாய்லாந்து உணவகத்துக்குக் குடும்பமாகப் போனபோது எங்களுக்குக் கிடைத்த சாப்பாடு இது. உணவகத்தின் பெயர் இங்கே வேண்டாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் உறவினர் பலரும் வேறு வேறு இடங்களில் இதே கதையைச் சொல்கிறார்கள்.

காசு போனதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. முதன்முதலாகச் சாப்பிட்ட பிள்ளைகள், தாய்லாந்துச் சாப்பாடு என்றால் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தச் சமையலுக்கு வேண்டிய பெரும்பகுதி எங்கள் வேலியோரத்திலும் பேலியகொடைச் சந்தையிலும் இருக்கிறது. நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும். வீட்டில் செய்யப் பழகினால் அந்த ஏமாற்றமும் இல்லை.

1. மெனு அட்டையை முழுவதும் வாசியுங்கள். நாசி கொரெங், சிக்கன் மஞ்சூரியன், பிரியாணி, பாட் தாய் எல்லாம் ஒரே அட்டையில் இருந்தால், பாட் தாய்க்கென்று அந்தக் குசினியில் தனியாகப் புளி கரைத்து வைத்திருக்க வாய்ப்புக் குறைவு. பட்டியல் சிறிதாக உள்ள இடத்தை நான் கூடுதலாக நம்புவேன். தாய்லாந்தின் வர்த்தக அமைச்சு, வெளிநாடுகளில் முறையாகச் சமைக்கும் உணவகங்களுக்குத் ‘தாய் செலக்ட்’ என்ற சான்று கொடுக்கிறது. வாசலிலோ அட்டையிலோ அந்தச் சின்னம் இருக்கிறதா, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். சான்று இல்லாத நல்ல கடைகளும் உண்டு.

2. கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம். “தம்பி, பச்சைக் கறிக்கு விழுது இங்கேயே அரைக்கிறீங்களோ?”, “பாட் தாய்க்குப் பழப்புளி போடுவீங்களோ, தக்காளி சோஸோ?” இந்த இரண்டும் போதும். கடை விழுது பாவிப்பது குற்றமில்லை, தாய்லாந்திலேயே பல வீடுகளில் சந்தையில் விற்கும் விழுதைத்தான் வாங்குகிறார்கள். கேள்விக்கு உள்ளே போய்க் கேட்டு வந்து தெளிவாகப் பதில் சொல்கிறார்களா என்பதே முக்கியம். “எல்லாம் நல்லாயிருக்கும் மேடம்” என்று மட்டும் பதில் வந்தால், முதலில் ஒரு தொம் யம்மை மட்டும் எடுத்து எல்லோரும் ருசி பாருங்கள். அது சரியில்லாத இடத்தில் மற்றதைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

3. ஆளுக்கொரு கோப்பை என்று எடுக்காதீர்கள். தாய்லாந்தில் நடுவில் கறிகளை வைத்து, தங்கள் கோப்பையில் வெறும் சோற்றைப் போட்டு, எல்லோரும் பகிர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். எங்கள் சோறு கறிபோலத்தான். நான்கு பேருக்கு ஒரு சூப், ஒரு தேங்காய்ப்பால் கறி, ஒரு பிரட்டல், ஒரு சம்பல் வகை, சோறு. புளிப்பு, உறைப்பு, உப்பு, இனிப்பு நான்கும் மேசையில் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். நான்கு பேரும் தனித்தனியாக நான்கு தேங்காய்ப்பால் கறி எடுத்தால், நன்றாகச் சமைத்திருந்தாலும் பாதியில் திகட்டிவிடும்.

4. எது சரியான பதம் என்று தெரிந்துவைத்திருங்கள்.

தொம் யம்: கோப்பை மேசைக்கு வரும்போதே சேரையும் (எலுமிச்சைப்புல்) பேரரத்தையும் தேசி இலையும் மணக்க வேண்டும். தேசிக்காய்ப் புளியை அடுப்பால் இறக்கிய பிறகுதான் விடுவார்கள். கொதிக்கவிட்டால் கைப்பு வரும், அந்தக் கைப்பு நாக்கின் அடியில் தெரியும். தெளிந்த சூப்பும் உண்டு, பால் விட்டு வெளிறிய சூப்பும் உண்டு, இரண்டும் சரியான வகைதான். பால் நிறத்தைப் பார்த்து இது பிழை என்று திருப்பி அனுப்பாதீர்கள். இறால் போட்ட தொம் யம்மை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய ஒன்றை வெந்நீரில் தேசிக்காய் பிழிந்து தருவது எனக்குப் பொறுக்க முடியாத காரியம்.

பச்சைக் கறி: பச்சை நிறம் பச்சைமிளகாயிலிருந்து வர வேண்டும். ஆகவே அது மங்கலான, கொஞ்சம் சாம்பல் ஓடிய பச்சை. கண்ணைப் பறிக்கும் பச்சை என்றால் சாயத்தைச் சந்தேகியுங்கள். கறி தண்ணீர்ப் பதமாக, மேலே எண்ணெய்ப் புள்ளிகள் மிதக்க இருக்க வேண்டும். கரண்டியில் கூழ்மாதிரி ஒட்டினால் மா சேர்த்திருக்கிறார்கள். மெல்லிய இனிப்பு இருக்கலாம், ஆனால் முதல் வாயில் உறைப்பும் உப்பும்தான் தெரிய வேண்டும்.

பாட் தாய்: இது மிகப் பழைய பண்டம் அல்ல. 1930களின் பிற்பகுதியிலும் போர்க்காலத்திலும் பிபுன் சொங்கிராமின் அரசு நாட்டுக்கென்று ஒரு நூடில்ஸைப் பரப்பியபோது ஊரெங்கும் போனது. நிறம் பழப்புளியின் மண்ணிறம். நூல்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். பக்கத்தில் இடித்த கச்சான், பச்சைப் பயற்றமுளை, ஒரு துண்டு தேசிக்காய். சிவப்பாக வந்தால் அது தக்காளி சோஸ், வேறு விளக்கம் தேவையில்லை.

சோம் தம் என்ற பப்பாசிக்காய்ச் சம்பல்: கேட்ட பிறகே உரலில் இடிக்க வேண்டும். முன்கூட்டியே செய்து வைத்தது தண்ணீர் விட்டுத் துவண்டிருக்கும். நறுக்கென்று கடிபடாவிட்டால் சொல்லித் திருப்பலாம்.

5. மேசையில் சேர்க்கும் நான்கையும் கேட்டு வாங்குங்கள். தாய்லாந்தின் நூடில்ஸ் கடைகளில் சீனி, செத்தல் மிளகாய்த் தூள், வினாகிரியில் ஊறிய மிளகாய், மீன் சோஸ் நான்கும் மேசையில் இருக்கும், ஆளாளுக்குத் தங்கள் வாய்க்கு ஏற்பச் சேர்ப்பார்கள். எங்கள் உணவகங்கள் இதை வைப்பது அரிது, கேட்டால் குசினியிலிருந்து தருவார்கள். சப்பென்ற பாட் தாய்க்கு மிளகாய்த் தூளும் தேசிக்காயும், இனித்துப்போன கறிக்கு மீன் சோஸும் வினாகிரி மிளகாயும். பாதிச் சாப்பாட்டை இப்படிக் காப்பாற்றிவிடலாம்.

6. விரத நாளில் மிகக் கவனம். இதை நான் எழுதாமல் விட முடியாது. ‘மரக்கறி’ என்று அட்டையில் போட்டிருந்தாலும், தாய்ச் சமையலில் உப்புக்குப் பதிலாக நெத்தலி புளிக்கவைத்த மீன் சோஸ்தான் போகும். கறி விழுதுக்குள் இறால் விழுது அரைத்திருக்கும். மரக்கறிப் பிரட்டலில் ஒயிஸ்டர் சோஸ், அது சிப்பியிலிருந்து எடுப்பது. வெள்ளிக்கிழமை சைவம் காக்கும் மாமி, “இறைச்சி இல்லைத்தானே?” என்று கேட்டால் “இல்லை” என்று உண்மையாகவே பதில் வரும், ஆனால் அவர் சாப்பிடுவது மீன். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “மீன் சோஸ், இறால் விழுது, ஒயிஸ்டர் சோஸ் மூன்றும் இல்லாமல் எது செய்து தருவீங்கள்?” சிவப்பு, பச்சை விழுதுகள் முன்பே அரைத்து வைத்தவையாக இருந்தால் அந்த நேரத்தில் இறாலைப் பிரித்தெடுக்க முடியாது. சோயா சோஸில் செய்த மரக்கறிப் பிரட்டலும் வெறுஞ்சோறும்தான் பாதுகாப்பு. கந்தசஷ்டி நாள்களில் இந்த உணவகங்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

இறால், கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் இதே கேள்வியை முகாமையாளரிடமே கேளுங்கள். கச்சான் மேலே தூவியதை எடுத்துவிட்டுக் கொடுப்பது போதாது. ஒரே தாச்சியில் வறுப்பார்கள்.

7. சூப்பில் கிடக்கும் சேரைத் தண்டும் பேரரத்தைச் சில்லும் தேசி இலையும் மணத்துக்கு மட்டும். மென்று விழுங்க முயல வேண்டாம், பிள்ளைகளின் கோப்பையிலிருந்து முதலே எடுத்துவிடுங்கள்.

8. கட்டணத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு இருங்கள். அட்டையில் கீழே சின்ன எழுத்தில் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று போட்டிருப்பார்கள். சேவைக் கட்டணம் வழமையாக 10 வீதம். வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். 8,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் சேவைக்கு 800, சாப்பாட்டுக்கு மட்டும் வரி போட்டாலும் 1,440. ஆக 10,240 ரூபாய். அட்டை விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனால் கடைசியில் முகம் சுருங்கும்.

9. பிழையென்றால் மேசையிலேயே சொல்லுங்கள். இரண்டு வாய் சாப்பிட்டதும் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், எது பிழை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். “நல்லாயில்லை” என்றால் எதுவும் நடக்காது. “இறால் பழசு, மணக்குது”, “கோழி உள்ளே சிவப்பாயிருக்கு” என்றால் மாற்றித் தருவார்கள். கோப்பையைக் காலியாக்கிவிட்டுச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் மேசையில் மௌனமாக இருந்து, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புறுபுறுப்பார்கள். அதனால் கடைக்காரருக்கும் பயனில்லை.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். அட்டையில் இல்லாத விலையை எடுத்தாலோ, போத்தலில் பொறித்த விலைக்கு மேல் தண்ணீருக்குக் காசு எடுத்தாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. எழுத்திலும் முறையிடலாம், நாள் கடத்த வேண்டாம். சுத்தம், பழுதான உணவு பற்றியது என்றால் உணவகம் இருக்கும் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வத்தளையில் உள்ள கடை என்றால் வத்தளை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. ருசி சரியில்லை என்பதற்கு எந்தச் சட்டமும் உதவாது, அதை முகாமையாளரிடம்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

10. வீட்டுக்கு வரவழைப்பதானால் தெரிந்து தெரிவு செய்யுங்கள். கொள்ளுப்பிட்டியில் தாச்சியிலிருந்து இறங்கிய பாட் தாய், பேலியகொடைச் சந்தியின் நெரிசலைத் தாண்டி வத்தளைக்கு வரும்போது கட்டியாகிவிடும். பொரித்த பண்டங்கள் பெட்டிக்குள் வியர்த்து நனைந்துவிடும். இவ்வளவு தூரத்துக்குத் தேங்காய்ப்பால் கறிதான் நல்லது. சூடாக்கினால் திரும்ப உயிர்பெறும். கறியையும் சோற்றையும் தனித்தனிப் பெட்டியில் கேளுங்கள். ஊபர் ஈட்ஸ், பிக்மி வழியாக வந்தால் திறக்கும் முன் முத்திரையைப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு திறவுங்கள். குறை சொல்ல அது உதவும்.

11. மிஞ்சிய சப்பென்ற கறியை எறியாதீர்கள். திருத்தும் வழிகள்:

இனிப்புக் கூடிய பச்சைக் கறிக்கு ஒரு கோப்பை கப்பிப்பால் விட்டு, இரண்டு கொச்சிக்காய் கீறிப் போட்டு, கத்தரிக்காய் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கிய பின் தேசிக்காய் பிழியுங்கள். மீன் சோஸ் இருந்தால் ஒரு தேக்கரண்டி.

மணமில்லாத தொம் யம்முக்கு: சேரைத் தண்டு இரண்டை அம்மிக் குழவியால் நசித்து, தேசி இலை இரண்டைக் கிழித்துப் போட்டுப் பத்து நிமிடம் மெல்லிய தீயில் வையுங்கள். அதற்குள் நாலு துண்டு பாரை மீனைப் போட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

ஒட்டிப்போன நூடில்ஸைத் தாச்சியில் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி ஒரு நிமிடம் வைத்தால் பிரியும். பிறகு மூடியைத் திறந்து பெருந்தீயில் பிரட்டுங்கள். உப்புக் கூடினதற்குக் கிழங்கு போடுவார்கள். என்னைக் கேட்டால், பாலோ தண்ணீரோ விட்டு அளவைக் கூட்டுவது ஒன்றே வழி.

12. ஆனால் நேரத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். சமைத்த சாப்பாடு அறைச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. எங்கள் புழுக்கத்துக்கு அதுவே அதிகம். பிரிட்ஜ் 5 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும், திரும்பச் சூடாக்கும்போது நடுப்பகுதி 70 பாகையாவது ஏற வேண்டும், அதாவது ஆவி பறக்க வேண்டும். சோற்றில் கூடுதல் கவனம். அதில் வளரும் பசிலஸ் சீரியஸ் கிருமியின் நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. ஆகவே உணவகத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் படுக்கப் போகும்வரை மேசையில் வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் கறியும் சீக்கிரம் புளிக்கும். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். இரத்தம் போனால், சத்தி நிற்காவிட்டால், சின்னப் பிள்ளை சலம் போகாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், ராகமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

13. வீட்டில் செய்வதற்குப் பொருள் எங்கே? சேரை எந்தச் சந்தையிலும் இருக்கிறது. அடிவேரோடு ஒரு தண்டு வாங்கித் தண்ணீரில் வைத்து வேர்விட்டதும் சாடியில் நட்டால் பிறகு வாங்கவே தேவையில்லை. முத்துராஜவெலப் பக்கத்துச் சேற்று நிலத்தில் இருப்பவர்கள் சாடியிலேயே வைத்திருங்கள், வேர் அழுகாது.

பேரரத்தை பச்சையாகக் கிடைத்தால் மட்டும் பாவியுங்கள். புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துக் கடைகளில் கிடைக்கும் காய்ந்த அரத்தை கசாயத்துக்கு நல்லது, சூப்பில் மருந்து மணம் தூக்கும். பச்சை அரத்தை இல்லாவிட்டால் இளம் இஞ்சியும் இரண்டு மிளகும் போட்டுச் சமாளிக்கலாம்.

தாய்லாந்துத் தேசி இலை, தோல் முடிச்சு முடிச்சாய் இருக்கும் ஒரு தேசி இனத்தின் இலை. சிங்களத்தில் குடலு தெகி என்பார்கள். கன்று விற்கும் இடங்களில் கேட்டு ஒன்று வாங்கி வையுங்கள், இந்தச் சமையலுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அதுவரை வீட்டுத் தேசிமரத்தின் கொழுந்திலையும், தேசிக்காயின் பச்சைத் தோலைத் துருவியதும் போதும். வெள்ளைப் பகுதி வந்தால் கைக்கும்.

கோழியை இடித்த மிளகாயோடும் உள்ளியோடும் பிரட்டித் தாய்லாந்துக்காரர் போடும் இலை, எங்கள் முற்றத்துத் துளசியின் இனமேதான். இறாலுக்குப் பேலியகொடை மீன் சந்தைக்கு விடிய முன் போங்கள். நீர்கொழும்புக் களப்பு இறால் வந்திருந்தால் அதை எடுங்கள். தலை உடலோடு இறுகி, ஓடு பளபளப்பாக இருக்க வேண்டும். தலையையும் ஓட்டையும் எறியாமல் கொஞ்ச எண்ணெயில் வறுத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால், தொம் யம்முக்கு அதுவே அடி.

மீன் சோஸ் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் கிடைக்கிறது. போத்தலின் பின்னால் மீன், உப்பு, சீனி தவிர நீண்ட பட்டியல் இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லாத நேரத்தில் மாசித் தூள் இரண்டு தேக்கரண்டியை உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்துப் பாவியுங்கள். மணம் வேறு, ஆனால் கறிக்கு அந்த ஆழம் வரும். சைவத்துக்கு, உலர் காளான் ஊறிய தண்ணீரில் சோயா சோஸ் கலந்தது.

14. பச்சைக் கறி, நான்கு பேருக்கு. பச்சைமிளகாய் பத்து, கொச்சிக்காய் நான்கு, சேரைத் தண்டு இரண்டு (அடிப்பகுதி மட்டும்), பேரரத்தை ஒரு விரல்கணு, சின்ன வெங்காயம் ஆறு, உள்ளி ஐந்து பல், கொத்தமல்லித் தண்டும் வேரும் ஒரு பிடி, தேசித்தோல் துருவல், வறுத்த மல்லி ஒரு தேக்கரண்டி, சீரகம் அரை, மிளகு அரை. இறால் விழுது இல்லையென்றால் கூனி இறால் வறுத்து இடித்தது ஒரு மேசைக்கரண்டி. அம்மியில் அரைத்தால் மிகத் திறம். மிக்சியில் அரைப்பவர்கள் தண்ணீர் விடாமல் முதல்பாலே கொஞ்சம் விடுங்கள். தண்ணீர் விட்டரைத்த விழுது வதங்காது, அவியும்.

இனி முக்கியமான இடம். ஒரு தேங்காயின் முதல்பாலில் பாதியைத் தாச்சியில் விட்டு, கிளறிக் கிளறி, எண்ணெய் பிரியும்வரை வற்றவிடுங்கள். அந்த எண்ணெயில் விழுதைப் போட்டு மணம் வரும்வரை வதக்க வேண்டும். உணவகங்களில் அவசரத்தில் தவறவிடுவது இந்த ஒரு படிதான், அதை மறைக்கத்தான் மாவும் சீனியும் வருகின்றன. பக்கற்றில் வரும் பாலும் பால்மாவும் எளிதில் பிரியா, அப்படியானால் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்து வதக்குங்கள். பிறகு அரைக் கிலோ கோழியைப் போட்டுப் பிரட்டி, இரண்டாம் பால் விட்டு வேகவையுங்கள். சந்தையில் எலபட்டு என்று விற்கும் உருண்டைக் கத்தரியை நாலாக வெட்டிப் போடுங்கள். கிடைத்தால் பச்சைச் சுண்டங்காய் ஒரு பிடி, தாய்லாந்திலும் அதையே போடுகிறார்கள். கடைசியில் மிச்ச முதல்பால், மீன் சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, கருப்பட்டி ஒரு தேக்கரண்டி, தேசி இலை. தனியாக உப்புப் போடாதீர்கள்.

கறிவேப்பிலையும் ரம்பையும் தாளிதமும் இதற்குள் வேண்டாம். பழக்கதோஷத்தில் கை போகும். போட்டால் அது எங்கள் கோழிக்கறி ஆகிவிடும். ரம்பையைப் பாவிக்க விருப்பமென்றால் வேறு வழி இருக்கிறது. உள்ளி, மிளகு, சோயா சோஸில் ஊறிய எலும்பில்லாக் கோழித் துண்டுகளை ரம்பை இலையில் சுற்றிப் பொரியுங்கள். இதுவும் தாய்லாந்துப் பண்டம்தான். பிள்ளைகள் இலையைப் பிரித்துப் பிரித்துச் சாப்பிடுவார்கள்.

சோற்றுக்கு மல்லிகை அரிசி என்று வாங்கத்தான் வேண்டுமென்றில்லை. எங்கள் சுவந்தெல் அரிசி வெள்ளையும் மணமும் உள்ளது, இந்தக் கறிக்கு நன்றாக ஒத்துப்போகிறது.

15. பாட் தாய்க்கு அரிசி நூடில்ஸை அவிக்காதீர்கள். சாதாரணத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறி, வளைக்கும்போது முறியாத பதம் வந்தால் போதும். மிச்ச வேக்காடு தாச்சியில். கெட்டிப் பழப்புளிக் கரைசல், மீன் சோஸ், கித்துள் பாணி மூன்றையும் ஏறக்குறையச் சம அளவில் சிறு தீயில் ஒருமுறை கொதிக்கவிட்டு வையுங்கள். பாணி உடனே கரைவதால் கருப்பட்டி சீவும் வேலை மிச்சம். ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் செய்ய வேண்டாம். வீட்டு அடுப்பின் தீ அதற்குமேல் தாங்காது, நூடில்ஸ் வறுபடாமல் அவிந்து ஒட்டும். வெங்காயத்தாளும் பயற்றமுளையும் அடுப்பை நிறுத்திய பின்.

16. பப்பாசிக்காய்ச் சம்பலுக்கு, உள்ளே வெள்ளையாக இருக்கும் இறுகிய காயை எடுங்கள். உரலில் உள்ளியும் கொச்சிக்காயும் முதலில், பிறகு பயித்தங்காய்த் துண்டு, தக்காளி, வறுத்த கச்சான், கூனி இறால், கடைசியில் பப்பாசித் துருவல். நசிய இடிக்கக்கூடாது, உலக்கையால் தட்டிக் கரண்டியால் புரட்டுங்கள். தேசிக்காய், மீன் சோஸ், கருப்பட்டி. இடித்த உடனே சாப்பிட வேண்டும்.

17. மாம்பழமும் ஒட்டரிசியும்: ஒட்டரிசியை இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, நீத்துப்பெட்டியில் துணி விரித்து ஆவியில் அவியுங்கள். பானையில் தண்ணீர் விட்டு அவித்தால் களியாகும். சூட்டோடு, சீனியும் கொஞ்சம் உப்பும் கரைத்த முதல்பாலைக் கலந்து மூடி வையுங்கள். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் வரும் காலத்தில் இதைச் செய்யுங்கள். அந்தப் பழத்தோடு சாப்பிட்டால் உணவகத்தில் இதற்குக் கொடுக்கும் விலை நினைவுக்கு வரும்.

18. பாங்கொக்குக்கு உடுப்பு வாங்கப் போகும் வெள்ளவத்தைக் கடைக்காரர், சுற்றுலா போகும் உறவினர் யாராவது இருந்தால் இரண்டு பொருள் சொல்லிவிடுங்கள்: முத்திரையிட்ட கறி விழுது, காய்ந்த தேசி இலை. மீன் சோஸ் சொல்வதானால், அது விமானத்தில் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். செடி, வேர், பச்சைக் கிழங்கு கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றுக்கு அனுமதி தேவை, கட்டுநாயக்காவில் பறித்துவிடுவார்கள்.

19. நல்ல இடமொன்று கிடைத்தால் குசினிக்குச் சொல்லி அனுப்புங்கள். விழுதைத் தானே அரைத்து, முதல்பாலை வற்றவைத்து, கேட்ட பிறகு உரலில் இடித்துத் தரும் சமையற்காரருக்குப் பொருளும் நேரமும் கூடுதலாகச் செலவாகிறது. பக்கற் விழுதில் சீனி போட்டுத் தருபவரும் அதே விலைக்குத்தான் விற்கிறார். வித்தியாசம் தெரிந்தவர்கள் வாய்திறந்து சொல்லாவிட்டால் முதலாமவரும் நாளைக்கு மாவைக் கரைப்பார். ஆகவே தயவுசெய்து, சாப்பாடு நன்றாக இருந்த நாளிலும் முகாமையாளரைக் கூப்பிடுங்கள்.